மடக்குச் சவரக்கத்தி பழகுகிறவர்களுக்கு

மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்ளப் பழக எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், கன்னத்துக்கு ஒரு வாரம், மோவாய்க்கு மூன்று மாதம் என்று சொல்லலாம். சலூனில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதானே என்று தோன்றும். ஆனால் அங்கே கத்தி பிடிப்பவர் அடுத்தவர் முகத்தை நேராகப் பார்த்துச் செய்கிறார், நாற்காலியைச் சுற்றி வந்து வசதியான கோணத்தில் நின்றுகொள்கிறார். நாமோ கண்ணாடியில் பார்த்துச் செய்ய வேண்டும், கையும் பாதி நேரம் பார்வையை மறைக்கும். அதனால் இது புதிதாகவே கற்க வேண்டிய வேலை.

காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், பிரஷ், சோப்பு என்று சேர்த்தால் முதல் ஆண்டுக் கணக்கு சாதாரண ரேஸரைவிடக் கூடத்தான் வரும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கூர்முனை தோலைத் தொடுவதால் பலருக்குக் கழுத்தில் வரும் முள் முள்ளான கொப்புளங்கள் குறைகின்றன. மீசை, தாடியின் ஓரக்கோட்டை இழுப்பதற்கும் இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒருகாலத்தில் எல்லா வீட்டு ஆண்களும் இப்படித்தான் செய்தார்களா என்றால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணிசமான பேர் செய்தார்கள். 1903இல் கில்லெட் தன் பாதுகாப்பு ரேஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த ஆண்டில் விற்றவை வெறும் 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும்தான். அடுத்த ஆண்டே ரேஸர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. தினமும் கத்தி தீட்டும் வேலையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

எந்தக் கத்தி வாங்குவது

இரண்டு வகை உண்டு. ஒன்று, நிரந்தரமான எஃகு அலகு கொண்டது. தோலில் தீட்டி, கல்லில் கூராக்கி, பல ஆண்டுகள் ஓட்டலாம். இன்னொன்று, நம் ஊர் சலூன்களில் பார்ப்பது. இருபுற பிளேடைக் காகித உறையோடே நடுவில் மடக்கி டக்கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் செருகிக்கொள்ளும் கத்தி. ஆள் மாறும்போது பிளேடும் மாறுவதால் சலூனுக்கு அதுதான் சரி. வீட்டில் பழகுகிறவருக்கு அது அவ்வளவு சரியில்லை என்பது என் கருத்து. அந்தப் பாதி பிளேடுக்கு இரண்டு முனையிலும் கூரான மூலை இருக்கிறது. கத்தியும் எடை குறைந்தது, தோலில் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வு கைக்கு வந்து சேராது. கோணம் கொஞ்சம் தவறினாலும் மூலை இறங்கிவிடும். எஃகுக் கத்தியோ கனமானது. முனை உருண்டையாக இருந்தால் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆனாலும் தீட்டுகிற தொல்லை வேண்டாம், பழகிப் பார்த்துவிட்டுத்தான் செலவு செய்வேன் என்பவர்கள் சலூன் கத்தியிலேயே தொடங்கலாம். கீழே சொல்வதில் தீட்டும் பகுதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இரண்டு மடங்கு நிதானமாகச் செய்யுங்கள்.

எஃகுக் கத்தி என்றால் ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர் ஆகிய ஊர்களில் இன்றும் செய்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்திகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். 5/8 அல்லது 6/8 அளவு புதியவருக்குப் போதும். முனை உருண்டையாக இருக்க வேண்டும், சதுர முனை பிறகு. அலகின் இரு பக்கமும் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். முழுக் குழிவு, அரைக் குழிவு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு மரக் கைப்பிடியும் மினுமினுப்புமாக வரும் கத்திகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றின் எஃகு கூரைத் தாங்காது. சீனத்தின் கோல்ட் டாலர் போன்ற மலிவான கத்திகளில் எஃகு பரவாயில்லை, ஆனால் வடிவம் கரடுமுரடாக இருக்கும். கல்லில் வேலை செய்யத் தெரிந்தவர் கைக்குப் போய்வந்தால்தான் முகத்துக்கு ஆகும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது சவரத்துக்குத் தயாராகக் கூராக்கப்பட்டதா? தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் கத்தி காகிதத்தைக் கிழிக்கும், ஆனால் தாடியை இழுக்கும். பழகுகிறவர்களில் பலர் விட்டுவிட்டுப் போவது இதனால்தான். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சோதிக்க எளிய வழி, முன்கையில் தோலைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலே கத்தியை நகர்த்திப் பார்ப்பது. முடிநுனிகள் சத்தமில்லாமல் துண்டாகி விழுந்தால் தயார். கட்டைவிரல் நகத்தில் உரசிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், கூர் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு வருகிறவரிடம் அரிவாள்மணையைக் கொடுக்கலாம், கத்தரிக்கோலைக் கொடுக்கலாம். இந்தக் கத்தியை மட்டும் கொடுக்கவே கூடாது. அலகின் ஓரம் அவ்வளவு மெல்லியது. சக்கரத்தில் வைத்த சில நொடிகளில் சூடேறி எஃகின் பதம் போய்விடும், அதன்பின் அந்தக் கத்தி கூரை நிறுத்தாது.

தோல்வாரில் தீட்டுவது

சவரத்தைவிட முதலில் பழக வேண்டியது இதுதான். எஃகைவிட முடி ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் கூர் மழுங்குகிறதே என்றால், 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் பிளேடால் முடியை வெட்டிப் பார்த்துக் காரணத்தைக் காட்டினார்கள். முடி நேராக நிற்காமல் வளைந்துகொடுக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் ஓரம் நுணுக்கமாகச் சில்லு சில்லாகப் பெயர்கிறது. இதோடு ஓரம் லேசாக மடங்கவும் செய்யும். அந்த மடக்கை நேராக்குவதுதான் தோல்வாரின் வேலை. பெயர்ந்ததை அது சரிசெய்யாது. அதற்குக் கல் வேண்டும்.

வாரின் ஒரு முனையைக் கதவுப் பிடியிலோ ஆணியிலோ மாட்டி, மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடியுங்கள். தொய்வே இருக்கக் கூடாது. தொய்ந்த வாரில் தீட்டினால் ஓரம் உருண்டுவிடும். கத்தியைப் படுக்கையாக வையுங்கள். முதுகும் (கூருக்கு எதிரே உள்ள தடித்த விளிம்பு) கூரும் ஒரே நேரத்தில் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னே போக, கூர் பின்னே வர நகர்த்துங்கள். கடைசியில் கத்தியைத் தூக்காமல், முதுகு தோலில் பட்டபடியே இருக்க, கூர் மேல்பக்கமாகச் சுற்றி வரும்படி புரட்டித் திரும்பி வாருங்கள். கூர்ப்பக்கமாகப் புரட்டினால் ஒரே நொடியில் வாரும் போகும், கத்தியும் போகும். புரட்டும் வேலையை விரல்கள் செய்யட்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டியதில்லை.

அழுத்தம் எவ்வளவு என்றால், கத்தியின் எடையே போதும். முதலில் வாரின் துணிப் பக்கத்தில் போய்வருவது 20 முதல் 30 முறை, பிறகு தோல் பக்கத்தில் 40 முதல் 60 முறை. வேகம் காட்ட இது இடமில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மொக்கைக் கத்தியை வைத்து இரண்டு நாள் பழகிவிட்டு நிஜக் கத்தியை எடுங்கள். முதல் வாரில் எப்படியும் கீறல் விழும், ஆகவே மலிவானதையே வாங்குங்கள். நல்ல வாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முகத்தைத் தயார்செய்வது

குளித்து முடித்த கையோடு செய்வது நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். தண்ணீர் ஊறிய முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும். டப்பாவில் அடைத்துவரும் நுரை சீக்கிரம் காய்ந்துபோகும், இந்த வேலைக்கு ஆகாது. பிரஷ்ஷும் ட்யூப் கிரீமும் அல்லது வட்டச் சோப்பும் போதும். செயற்கை நார் பிரஷ் மலிவு, சீக்கிரம் காயவும் செய்யும். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், பெரிய குமிழ்கள் அடங்கி, நுரை கெட்டித் தயிர் பதத்துக்கு வரும். அதுதான் அளவு. அப்புறம் முகத்தில் வட்டமாகத் தேய்த்து முடியைத் தூக்கிவிடுங்கள்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கஷ்டம்தான், ஆனாலும் பாதி முகம் முடிவதற்குள் மீதி நுரையைக் காற்று காயவைத்துவிடும். கதவைத் தாழிடுங்கள், குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு எதுவும் இருக்கக் கூடாது. அவசரமாக வெளியே கிளம்ப வேண்டிய காலையில் கத்தியை எடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பே ஒருநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் தாடி வளர்ந்த முகத்தை விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழவழப்பாகப் போகிறதோ அதுதான் அந்த இடத்தில் முடியின் போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் வேடிக்கை. சிலருக்குக் கீழிருந்து மேலே, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழியே இருக்கும். இடது கழுத்தும் வலது கழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிடியும் கோணமும்

கைப்பிடியை மேல்நோக்கித் திறந்து, அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையில் உள்ள குறுகிய கழுத்தில் மூன்று விரல்களை மேலே வையுங்கள். கட்டைவிரல் அடியில். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் சுண்டுவிரல் உட்காரும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், நழுவாமல் இருந்தால் போதும். விரல்களைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் பிடியுங்கள்.

கத்தியைக் கன்னத்தில் முழுக்கப் படுக்கவைத்து, பிறகு முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். முதுகின் தடிமனைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். சுமார் 30 டிகிரி. இதற்குக் குறைந்தால் கத்தி முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். கூடினால் தோலைச் சுரண்டும், எரிச்சலும் வெட்டும் அங்கேதான் தொடங்குகின்றன. கன்னம் தாடையை நோக்கி வளையும் இடத்தில் கோணம் தானாக மாறிவிடும்; கையையும் கூடவே திருப்ப வேண்டும்.

கத்தி எப்போதும் கூருக்குக் குறுக்காக, முன்னோக்கி மட்டும் நகர வேண்டும். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இழுக்கக் கூடாது. காய் நறுக்குவதற்கு என்ன அசைவோ, அதே அசைவு தோலையும் நறுக்கிவிடும். கத்தி முகத்தில் இருக்கும்போது தும்மல் வருவதுபோல் இருந்தால் முதலில் கத்தியை வெளியே எடுங்கள்.

பலூனில் நுரை தடவிச் சிரைத்துப் பழகலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பலூன் வெடிக்காமல் இருந்தால் கை மென்மையாகிவிட்டது என்று அர்த்தமாம். பலூனுக்கு முடியும் இல்லை, இழுத்துப் பிடிக்கத் தோலும் இல்லை. அதில் கற்பது முகத்துக்குப் பெரிதாக உதவாது.

முதல் சவரம்

வலது கைப் பழக்கம் உள்ளவர் வலது கன்னத்தில் தொடங்குங்கள். அங்கே மட்டும்தான். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவுக்கு மேலே தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். உண்மையில் இந்தக் கைதான் சவரம் செய்கிறது. தோல் விறைப்பாக இருந்தால் சுமாரான கூருள்ள கத்திகூட வழுக்கிக்கொண்டு போகும். தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு நல்ல கத்தியும் மடிப்பில் மாட்டும். பழகிய பலரும் கத்திக் கையைப் பற்றியே பேசுவார்கள், இந்தக் கையைப் பற்றிப் பேச மறந்துவிடுவார்கள். விரல் நுரையில் வழுக்கினால் ஈரப் படிகாரத்தை விரல்நுனியில் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும்.

கிருதாவின் அடியிலிருந்து தாடையெலும்பு வரை, இரண்டு மூன்று சென்டிமீட்டராகச் சின்னச் சின்ன இழுப்பு. அழுத்தமே வேண்டாம். சரியாகப் போனால் மெல்லிய சரசரப்பு கேட்கும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். மந்தமாக, சத்தமே இல்லாமல் போனால் கோணம் குறைவு. கரகரவென்று சுரண்டினால் அதிகம். கன்னம் முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, மீதி முகத்தை வழக்கமான ரேஸரில் முடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வாரம் இப்படியே போகட்டும்.

அடுத்து இடது கன்னம். கத்தியை இடது கைக்கு மாற்றுவதா, வலது கையையே குறுக்கே நீட்டுவதா என்று கேள்வி வரும். கையை மாற்றிப் பழகுங்கள் என்பேன். முதல் சில நாள் இடது கை மரத்துப்போனதுபோல் இருக்கும், ஆனால் குறுக்கே நீட்டினால் முழங்கை கண்ணாடியை மறைக்கும், அந்தப் பிரச்சினை கடைசிவரை தீராது.

பிறகு கழுத்து. முகத்தை அண்ணாந்து, தோலைக் கழுத்தெலும்பு நோக்கிக் கீழே இழுத்து, வரைந்து வைத்த அம்புக்குறிப்படி போங்கள். குரல்வளை மேட்டில் நேராகப் போகாதீர்கள். தோலைப் பக்கவாட்டில் இழுத்து, மேட்டிலிருந்து நகர்த்திச் சமதளத்துக்குக் கொண்டுவந்து சிரையுங்கள். மேலுதட்டில் மீசை இல்லாதவர்கள் உதட்டைப் பல்லின்மேல் இறுக்கி, மூக்கு நுனியை லேசாகத் தூக்கிக்கொள்ள வேண்டும். மீசை உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஓரத்தை மட்டும் கத்தியின் முனைப்பக்கத்தால் ஒழுங்கு செய்தால் போதும்.

மோவாய் கடைசி. முடி தடிப்பு, வளைவு அதிகம், தோலை இழுக்க இடமும் குறைவு. கீழுதட்டைப் பல்லோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத இழுப்புகளாகச் செய்யுங்கள். முடியவில்லையா, ரேஸரை எடுங்கள்.

முதல் இரண்டு மாதம் முடியின் போக்கோடு ஒரே ஒரு முறை. அதற்குமேல் வேண்டாம். வழவழவென்று வராது, மாலையில் லேசாகச் சொரசொரக்கும், இருக்கட்டும். பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம். எதிர்ப்போக்கில் சிரைப்பதைச் சுருட்டைத் தாடிக்காரர்கள் கழுத்தில் முயலவே வேண்டாம். அடியோட்டமாக வெட்டிய சுருள் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளமாகும்.

வெட்டுப்பட்டால்

சின்னக் கீறலுக்குக் குளிர்ந்த தண்ணீரும் படிகாரமும் போதும். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகவே கிடைக்கும். நனைத்து வெட்டின்மேல் அழுத்திப் பிடியுங்கள், சுரீரென்று எரியும், ரத்தம் நிற்கும். சவரம் முடிந்ததும் முகம் முழுக்கத் தேய்த்தால் இன்னொரு பயனும் உண்டு: எங்கெல்லாம் எரிகிறதோ அங்கெல்லாம் இன்று அழுத்திவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆழமான வெட்டானால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் பருக்கள் பழுத்திருக்கிறவர்கள் இதைத் தொட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஒரே கத்தியைப் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுமே ரத்தம் பட்ட கத்தி வழியாகப் பரவக்கூடியவை.

பராமரிப்பு

பெரும்பாலான கத்திகள் கார்பன் எஃகு, ஈரத்தில் துரு பிடிக்கும். கடலோர ஊர்களில் ஒரே இரவில் புள்ளி விழுந்துவிடும். கழுவியதும் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள், கூரின் நீளவாட்டில் வேண்டாம். கைப்பிடி மூட்டில் தேங்கும் தண்ணீரையும் ஒற்றியெடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் திறந்தே காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் தடவி மூடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். குளியலறையில் வைக்காமல் அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கழுவும்போது குழாயில் அலகு தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கத்திகளின் கூர் சில்லாகப் பெயர்வதற்குப் பெரும்பாலும் அந்தக் குழாய்தான் காரணம்.

தொடர்ந்து பயன்படுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில், வாரில் எவ்வளவு தீட்டினாலும் முடியை இழுக்கத் தொடங்கும். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தடவிய தனி வாரில் சிலமுறை தீட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதற்குப் பிறகு 8000, 12000 எண் கொண்ட நுண்கற்கள் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). இதில் ஒரு வசதி இருக்கிறது. சமையல் கத்திக்குக் கையால் கோணத்தைக் காக்க வேண்டும். இதிலோ முதுகும் கூரும் சேர்ந்து கல்லில் படுத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். இருந்தாலும் முதல் ஆண்டு தெரிந்தவரிடம் அனுப்பியே கூராக்கிக்கொள்ளுங்கள். நல்ல கூர் எப்படியிருக்கும் என்று முகம் அறிந்த பிறகு கல் வாங்கலாம்.

வெளியூர்ப் பயணத்துக்கு எடுத்துப் போவதானால், விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதியில்லை. சோதனையில் பறிகொடுக்காமல், உறையிலிட்டுச் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். வாரைச் சுருட்டி அதனுடனேயே வைக்கலாம். மடிக்க வேண்டாம், மடித்த கோடு தோலில் நின்றுவிடும்.